ஒரு வருடம் 60 பழம், மறு வருடம் 3: தொட்டி ஆரஞ்சுக்கு என்ன ஆயிற்று?

கேள்வி: கொடைக்கானலில் வீட்டு முற்றத்தில், தொட்டியில் குட்டை ரகக் கமலா ஆரஞ்சு வளர்க்கிறேன். ஒட்டுச்செடி, ஆறு வயது. முந்தின வருடம் 60 பழம் வந்தது; போன வருடம் மூன்றே மூன்று. இந்த வருடம் மறுபடியும் கொத்துக் கொத்தாகப் பிஞ்சு பிடித்திருக்கிறது. உரத்தைக் கூட்டினால் வருடந்தோறும் சீராகக் காய்க்குமா?

பதில்: உரம் இதற்கு மருந்து அல்ல. மரத்துக்கு நோயும் இல்லை, களைத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். 60 பழம் சுமந்த வருடம், சேர்த்து வைத்த மாவுச்சத்தை எல்லாம் பழத்துக்கே கொடுத்துவிட்டு, புதுத் தளிர் விடச் சக்தியில்லாமல் நின்றிருக்கும். ஆரஞ்சு பெரும்பாலும் முந்தின வருடத் தளிரில்தான் பூக்கும். தளிர் குறைந்தால் பூவும் குறையும். போதாக்குறைக்கு, காய்களில் ஊறும் ஜிப்ரெலின் என்ற ஊக்கி, மொட்டாக வேண்டிய கணுவைப் பூக்க விடாமல் தடுக்கும். எலுமிச்சையில் இந்தத் தொல்லை குறைவு; கமலாவுக்கு இது பிறவிக் குணம்.

உங்கள் ஊர்க் குளிர் அதை இன்னும் கூர்மையாக்குகிறது. பழனி மலையில் ஆரஞ்சுக்குப் பேர்போன தாண்டிக்குடி வட்டாரம் கொடைக்கானலைவிடத் தாழ்ந்தது, வெதுவெதுப்பானது. ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் உங்கள் முற்றத்தில் காய் மெதுவாகத்தான் பழுக்கும். ஆகவே குளிர்காலத்தில், அடுத்த பூவுக்குக் கணுக்கள் தயாராகும் அதே வாரங்களில், பழங்கள் இன்னும் கிளையில் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

எனவே வைத்தியத்தைக் காய்க்காத வருடத்தில் அல்ல, அதிகம் காய்க்கும் இந்த வருடத்திலேயே செய்ய வேண்டும். பிஞ்சைக் குறையுங்கள். மனம் வராது என்று எனக்குத் தெரியும்; ஆனாலும் செய்யுங்கள். முதலில் தானாக உதிர்வது உதிரட்டும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். பூத்ததில் மிகச் சிறு பங்குதான் பழமாகும். உதிர்வு நின்று, பிஞ்சு நெல்லிக்காய் அளவுக்கு வந்ததும் கத்தரிக்கோலை எடுங்கள். ஒரு கொத்தில் நான்கு இருந்தால், காம்பு தடித்து, வெயில் பக்கம் பார்த்திருக்கும் ஒன்றை விட்டுவிட்டு மற்றதை நறுக்குங்கள். கையால் இழுத்தால் பட்டை உரிந்து வரும். இடுப்புயர மரத்துக்கு 20 முதல் 25 பழம் போதும் என்பது என் கணக்கு.

தண்ணீரில் ஒழுங்கு வேண்டும். ஏப்ரல், மே வெயிலில் தொட்டி காய்ந்து, பிற்பகல் கோடை மழையில் திடீரென நனைந்தால் நிற்க வேண்டிய பிஞ்சும் கொட்டும். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். அங்கே ஈரம் இல்லையென்றால் அடி வழியும்வரை ஊற்றுங்கள்.

தொழு உரம் வழக்கம்போல் இடலாம். மலை மண் புளித்த மண், அதாவது அமிலத்தன்மை உள்ளது; ஆகவே அதைத் தணிக்கும் டோலமைட் என்ற சுண்ணாம்புக் கல் தூளைக் கைப்பிடி சேர்ப்பது நல்லது. இளம் இலைகள் சிறுத்து, நரம்பு பச்சையாக, இடையில் மஞ்சளாகத் தெரிந்தால் அது துத்தநாகக் குறை. ஒட்டுக்குக் கீழே கிளம்பும் போத்துகளை அவ்வப்போது கிள்ளிவிடுங்கள். பெரிய கவாத்து இந்த வருடம் வேண்டாம்.

கடைசியாக அறுவடை. நிறத்தை நம்பாதீர்கள், குளிரில் தோல் முந்திக்கொண்டு சிவக்கும். ஒன்றைப் பறித்துத் தின்று பாருங்கள். இனிப்பு ஏறியிருந்தால், முற்றத்துக்கு அழகு என்று விட்டுவைக்காமல் ஒரு வாரத்துக்குள் எல்லாவற்றையும் பறித்துவிடுங்கள்.