ஒற்றைக் கால் எலும்பில் ஓர் ஆந்தை: வாசகர் கேள்விகள்

கேள்வி: புதைபடிவ ஆந்தை என்றாலே ஏன் காலையே பிடித்துக்கொண்டு பேசுகிறீர்கள்? மண்டை ஓடு போதாதா?

கிடைத்தால்தானே! பறவையின் மண்டை ஓடு அப்பளம் மாதிரி, மண்ணின் எடையிலேயே நொறுங்கிப் போகும். கோழியில் செதில் மூடியிருக்குமே, அந்தக் கீழ்க்காலுக்குள் இருக்கும் டார்சோமெட்டாடார்சஸ் அப்படியில்லை. பல எலும்புகள் ஒன்றாகிக் கெட்டிப்பட்டது அது. அடியில் விரல்களுக்கென மூன்று உருளை முனைகள் இருக்கும். ஆந்தை தன் வெளிவிரலைப் பின்பக்கமும் திருப்பும். வெளிமுனையின் அமைப்பு அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அமெரிக்காவின் கொலராடோவில் கிடைத்த, சுமார் 6 கோடி ஆண்டுப் பழமையான ஓகிகோப்டிங்ஸ் ஆந்தைக்கு 1976இல் பெயர் வைத்தது இந்த ஒரே எலும்பை நம்பித்தான்.

கேள்வி: பருந்தின் காலும் அப்படித்தானே இருக்கும்?

மேலே, அதாவது நாம் லெக் பீஸ் என்று கடிக்கும் எலும்பைப் பாருங்கள். நன்றாக முற்றிய நாட்டுக்கோழியில் அதன் கீழ்நுனியின் முன்பக்கத்தில் ஒரு சின்ன எலும்புப் பாலம் தெரியும். தசைநாண் அதற்கடியில் ஓடும். பருந்துக்கும் அது உண்டு, ஆந்தைக்குக் கிடையாது. அடுத்த முறை சாப்பிடும்போது எலும்பைத் தூக்கிப் போடுமுன் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

கேள்வி: கூகையையும் மற்ற ஆந்தைகளையும் பிரிக்க முடியுமா?

முடியும். மற்ற ஆந்தைகளின் டார்சோமெட்டாடார்சஸில், மேல்முனைக்குச் சற்றுக் கீழே தசைநாணுக்கு மேல் ஓர் எலும்பு வளைவு இருக்கும். கூகைக் குடும்பத்தில் இருக்காது. எலும்பும் ஒல்லியாக, நீளமாக இருக்கும். ஆனால் அவசரப்பட வேண்டாம். மீன் பிடித்துத் தின்னும் வேட்டைப் பறவையான விரால் அடிப்பானுக்கும் இதே வளைவு உண்டு, அது ஆந்தையே இல்லை. ஒரே அடையாளத்தை வைத்துத் தீர்ப்பு எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

கேள்வி: வல்லுநர்களே ஏமாந்தது உண்டா?

நன்றாகவே. கியூபாவில் 1954இல் கிடைத்த பெரிய கால் எலும்புகளை, தென் அமெரிக்காவின் பறக்காத ராட்சத வேட்டைப் பறவைகளோடு சேர்த்துவிட்டார்கள். 1961இல் பறவைப் புதைபடிவ ஆய்வாளர் பியர்ஸ் பிராட்கார்ப் அதை ஆந்தை என்றார். அதுதான் ஆர்னிமெகலோனிக்ஸ், நின்றால் ஒரு மீட்டருக்கும் மேல். அளவும் நீளமும் கண்ணை மயக்கும், அவ்வளவுதான். ஹவாயிலும் நெடுங்கால் ஆந்தைகள் இருந்து அழிந்திருக்கின்றன. அங்கே பூர்வீக எலி கிடையாது, அவை சிறு பறவைகளைப் பிடித்துத் தின்றன. வாழ்க்கை மாறினால் காலின் நீளமும் மாறும். நான் நீளத்தைக் கடைசியில்தான் பார்ப்பேன்.

கேள்வி: பழங்கால ஆந்தைகளும் இன்றைய ஆந்தைகள் மாதிரியே வேட்டையாடினவா?

இல்லை என்கிறது அமெரிக்காவின் வயோமிங்கில் கிடைத்த பிரிமோப்டிங்ஸ் என்ற புதைபடிவ ஆந்தை. சுமார் 5.5 கோடி ஆண்டுக்கு முந்தையது, 2020இல் விவரிக்கப்பட்டது. இன்றைய ஆந்தையின் நகங்கள் ஏறக்குறைய ஒரே அளவு. இதற்கோ பின்விரலிலும் இரண்டாம் விரலிலும் நகம் பெரிது, பருந்துக்கு இருப்பதுபோல.

கேள்வி: எங்கள் ஊர்க் கோபுரத்தடியில் கூகை கக்கிய உருண்டைக்குள் குட்டிக் குட்டி எலும்புகள். ஆந்தைக் குஞ்சா?

இல்லை. பெரும்பாலும் எலியும் மூஞ்சூறும்தான். நேற்றிரவுச் சாப்பாடு.