கசேலாவுக்குள் கம்பளியை வைத்து அனுப்பாதீர்கள்

தங்கச்சி, தெசலோனிக்கியிலிருந்து மெல்பேணுக்குக் குடிவரும்போது உங்கள் கிரேக்க மாமியார் தந்த கசேலா, கம்பளிகள், பலகையில் தீட்டிய புனிதர் படமான ஐகான், கல்யாணத்தில் தலையில் சூடும் முடிகள் எல்லாவற்றையும் கப்பலில் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகையும் பள்ளிக்கூடமும் வந்திறங்கினால் தானாகப் பிடிபடும். கவனம் வேண்டியது இந்தச் சாமான்களில்தான்.

கசேலா என்கிற அந்தச் சீதனப் பெட்டகத்துக்குள் கம்பளியை வைத்திருப்பதுதான் அவர்கள் வழக்கம். அப்படியே பூட்டி ஏற்றிவிடாதீர்கள். மரத்தில் வண்டு இருப்பதாக இங்கே சந்தேகம் வந்தால் மெத்தில் புரோமைடு வாயு அடிக்கக்கூடும். கம்பளியில் கந்தகம் உண்டு. இரண்டும் சேர்ந்தால் பிடிக்கிற நாற்றம் தோய்த்தாலும் இலேசில் போகாது. தோலுக்கும் இறகுத் தலையணைக்கும் இதே கதி.

பெட்டகத்தைக் கவிழ்த்து அடிப்பலகையைப் பாருங்கள். 1 முதல் 2 மில்லிமீட்டர் வட்ட ஓட்டைகள் தெரிந்தால், கறுப்புத் தாளை விரித்து அதன்மேல் சில கிழமை வையுங்கள். புதிதாகத் தூள் கொட்டினால் உள்ளே புழு உயிரோடு இருக்கலாம். ஆஸ்திரேலியா ஏற்கிற நிறுவனம்தானா என்று கேட்டு, அங்கேயே மருந்தடித்துச் சான்றிதழோடு அனுப்புங்கள்.

கம்பளிகளைப் பிளாஸ்டிக்கில் காற்றுப் போகாமல் சுற்றி, −20 டிகிரிக் குளிரில் இரண்டு கிழமை வைத்தால் அந்துப்பூச்சியும் முட்டையும் சாகும். வெளியே எடுத்தவுடன் பிரித்தால் ஈரம் கோக்கும். ஒரு நாள் விடுங்கள். ஃப்ளொகாட்டி என்கிற சடைக் கம்பளி என்றால் நீண்ட மயிருக்குள் மண்ணும் புல்விதையும் ஒளிந்திருக்கும், நன்றாக உதறுங்கள்.

கல்யாண முடிகளும் ஐகானும் கைப்பையில் வரட்டும். பழைய முடிகளில் பூக்கள் மெழுகு. கொள்கலன் சூட்டில் குழைந்துவிடும். காய்ந்த நிசப் பூவோ இலையோ இருந்தால் ஆஸ்திரேலிய அதிகாரிகளுக்கு அறிவித்தே ஆகவேண்டும். ஐகானின் வண்ணம் பலகைமேல் பூசிய வெள்ளைப் பூச்சில் நிற்கிறது. ஈரம் ஏறி இறங்கினால் மரம் அசைந்து பூச்சு உதிரும். அதில் படிந்த விளக்குக்கரியை எண்ணெயாலோ ஸ்பிரிட்டாலோ துடைக்கப் போகாதீர்கள். 1830க்கு முந்தியதாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே கிரேக்கப் பண்பாட்டு அமைச்சிடம் முதலில் கேளுங்கள். அனுமதியில்லாமல் எடுத்துவருவது குற்றமாகிவிடும்.

“படிவத்தில் பழைய சாமான் என்று எழுதினால் போதும், ஒருவரும் திறக்கமாட்டார்கள்” என்று புத்தி சொல்ல நம்மவர்களில் நிறையப் பேர் உண்டு. அபராதத்தை அவர்கள் கட்டப்போவதில்லை. 1959 முதல் பத்ரிஸ் கப்பலில் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து வந்த கிரேக்கர்கள் வேண்டியதைத் தெரிந்தெடுத்துத்தான் கொண்டுவந்தார்கள். இப்போது வருகிறவர்கள் வீட்டையே கொள்கலனில் ஏற்றுகிறார்கள்.

காப்பி போடும் செம்புப் பிரிகியை எங்கே செருகினாலும் சரி. உள்ளே வெள்ளீயம் தேய்ந்து செம்பு தெரிந்தால் அங்கேயே பூசுவித்துக்கொண்டு வாருங்கள். இங்கே அதற்கு ஆள் தேடி அலைய வேண்டும்.