பழைய மாளிகைகளில் ஒரு துணி வடிவமைப்பாளர் எதைப் பார்க்க வேண்டும்?

இங்கிலாந்தின் பழைய மாளிகைகளைச் சுற்றிப் பார்ப்பதால் வடிவமைப்பாளருக்குப் பயன் உண்டா, அங்கே எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். திரைச்சீலைகளுக்கும் படுக்கை விரிப்புகளுக்கும் டிசைன் போடுவது என் தொழில். எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்த டெர்பிஷயரின் ஹார்ட்விக் ஹாலை வைத்தே பதில் சொல்கிறேன்.

‘ஹார்ட்விக்கின் பெஸ்’ என்று அறியப்படும் ஷ்ரூஸ்பரி சீமாட்டி எலிசபெத், அறுபது வயதைக் கடந்த பிறகு 1590இல் கட்டத் தொடங்கி 1597இல் குடியேறிய மாளிகை இது. இன்று பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்ட் இதைப் பராமரிக்கிறது. கீழ்த்தளத்தில் குட்டையாக இருக்கும் ஜன்னல்கள் மாடிக்கு மாடி உயர்ந்துகொண்டே போய், மண்டபங்கள் உள்ள மேல்தளத்தில் சுவரைவிடக் கண்ணாடியே மிகுந்து நிற்கின்றன. இந்த ஏறுவரிசையை மட்டும் எடுத்துக்கொண்டு, அடியில் ஒடுங்கியும் மேலே போகப் போக அகன்றும் பட்டைகள் வரும் ஒரு திரைச்சீலையை வரைந்தேன். பூவோ கொடியோ சேர்க்க வேண்டிய தேவையே ஏற்படவில்லை.

ஆனால் என்னை அங்கே கட்டிப்போட்டவை, 1570களில் பெஸ்ஸுக்காக, துணித் துண்டுகளை வெட்டி ஒட்டித் தைத்துச் செய்யப்பட்ட ஒட்டுத்தையல் சுவர்த் தொங்கல்கள். பெனலப்பி, லுக்ரீஷியா போன்ற பழங்கதைப் பெண்கள் வளைவுகளின் கீழே ஏறத்தாழ ஆளுயரத்தில் நிற்கிறார்கள். தூரத்திலிருந்து ஓவியம் போலத் தெரியும் அவை, அருகே போனால் வெல்வெட், பட்டு, பொன்னிழைத் துணி ஆகியவற்றின் துண்டுகளாகப் பிரிந்து தெரிகின்றன. அவற்றில் பல, எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில் மடாலயங்கள் கலைக்கப்பட்ட பிறகு கைமாறிய பாதிரியார்களின் பூசை அங்கிகளிலிருந்து வெட்டப்பட்டவை. வேறொரு உடைக்காக நெய்த பூவேலை, இங்கே ஒரு பெண்ணின் பாவாடையாக மாறும்போது பாதியில் அறுபடுகிறது. அப்படி அறுபட்ட இடத்தை மறைக்காமல், விளிம்பு முழுக்கக் கயிறு போன்ற ஒரு நூலை வைத்துத் தைத்து, அதையே உருவத்தின் கோடாக்கிவிட்டார்கள். ஒட்டு தெரியக் கூடாது என்று அதுவரை பாடுபட்டு வந்த எனக்கு, அந்த விளிம்பு நூலை ஓரடி தள்ளி நின்று பார்த்தது பெரிய திருப்பம். ஊர் திரும்பியதும் மிச்ச வெல்வெட் துண்டுகளை எடுத்து, தடித்த நூலால் விளிம்பு கட்டிய ஒரு தொகுப்பைச் செய்தேன். என் வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இன்றும் அதுதான்.

ஏறக்குறைய 50 மீட்டர் நீளமுள்ள நெடுங்கூடத்தில் விவிலியத்தில் வரும் கிதியோனின் கதையைச் சொல்லும் 13 சித்திர நெசவுத் திரைகள் தொங்குகின்றன. அவை வேறொருவருக்காக நெய்யப்பட்டவை. 1592இல் அவற்றை வாங்கிய பெஸ், பழைய சொந்தக்காரரான சர் கிறிஸ்டோபர் ஹாட்டனின் குலச்சின்னங்களின் மேல் தன் சின்னத்தைத் தீட்டிய துணித் துண்டுகளைத் தைக்கச் செய்தார். பழையதை ஒழிக்காமல் புதியதை ஏற்றும் அந்தத் துணிவு எனக்கு மிகவும் பிடிக்கிறது. இந்தத் திரைகளைச் சீர்செய்யும் பணி 24 ஆண்டுகள் நடந்து 2023இல் முடிந்தது.

போவதென்றால் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு பெரிய ஜன்னல்கள் இருந்தும், வெயில் பட்டால் சாயம் வெளுத்துவிடும் என்பதால் பல அறைகளை மங்கலாகவே வைத்திருப்பார்கள், படங்கள் தெளிவாக விழாது. நான் பென்சிலும் சிறு நோட்டும் கொண்டுபோய், ஒரே தொங்கலின் முன் முக்கால் மணி நேரம் நின்று, துண்டுகள் எங்கெங்கே சேர்கின்றன என்று மட்டும் கோடு போட்டுக்கொண்டேன். நிறத்தைக் குறிக்கவில்லை, அந்தத் தையலின் வழியை மட்டும் குறித்தேன்.