பின்தொடையில் அடிக்கடி கட்டி: மாம்பழச் சூடுதானா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 43 வயது. தினமும் விடியற்காலையில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு மல்லிகைப்பூ ஏற்றிக்கொண்டு வேன் ஓட்டுகிறார். சித்திரையிலிருந்து பின்தொடையில் நான்கு கட்டிகள் வந்துவிட்டன. மாம்பழச் சூடு என்று மாமியார் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போடுகிறார். இப்போது ஒன்று பழுத்திருக்கிறது. ஊசியால் குத்திவிடலாமா? (உசிலம்பட்டி வாசகி)

பதில்: குத்த வேண்டாம், பிதுக்கவும் வேண்டாம். சீழைச் சுற்றி உடம்பே ஒரு வேலி போட்டு வைத்திருக்கிறது. அழுத்தினால் அந்த வேலி உடைந்து சீழ் உள்பக்கமாகப் பரவலாம், ரத்தத்திலும் கலக்கலாம்.

கட்டி என்பது முடிவேரில் கிருமி புகுந்து சீழ் வைப்பது. பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாதான் காரணம். மாம்பழத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் உங்கள் மாமியார் சொல்வதில் கொஞ்சம் நியாயம் உண்டு. மதுரை வெயிலில் ரெக்சின் சீட்டில் மணிக்கணக்காக உட்கார்ந்தால் தொடை வியர்த்து ஊறும், உராயும். அந்தச் சின்னச் சிராய்ப்பே கிருமிக்கு வாசல். சுண்ணாம்பை மட்டும் இன்றோடு நிறுத்துங்கள். அது தோலை வேக வைத்துவிடும். கட்டியோடு வெந்த புண்ணையும் சேர்த்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

வீட்டில் செய்யக்கூடிய நல்ல வைத்தியம் வெந்நீர் ஒத்தடம். சுத்தமான பருத்தித் துணியை, கை பொறுக்கும் சூட்டில் நனைத்துப் பிழிந்து 10 முதல் 15 நிமிடம் வையுங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. கட்டி தானே உடைந்தால் சோப்புத் தண்ணீரால் கழுவி, மருந்துத்துணி வைத்து மூடுங்கள். தொட்ட கையைக் கழுவாமல் வேறு எதையும் தொட வேண்டாம். மருந்துக்கடையில் கேட்டு இரண்டு நாள் மாத்திரை போடும் பழக்கமும் வேண்டாம். தேங்கிய சீழ் மாத்திரையால் வடியாது. பெரிய கட்டியை மருத்துவர் மரத்துப்போக ஊசி போட்டுக் கீறித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

சரி, ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. முதல் சந்தேகம் சர்க்கரை. தனக்குச் சர்க்கரை இருப்பதே கட்டிக்காக வந்த இடத்தில்தான் சிலருக்குத் தெரியவரும். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துப் பாருங்கள். 126 அல்லது அதற்கு மேல் இருந்தால், இன்னொரு முறை பார்த்து உறுதி செய்வார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம். (சர்க்கரை இருந்தால் மாம்பழத்துக்கும் அளவு வரும். மாமியார் ஜெயித்துவிடுவார்!)

இரண்டாவது, மூக்கு. பத்துப் பேரில் ஏறக்குறைய மூன்று பேரின் மூக்குக்குள் இந்தக் கிருமி சத்தமில்லாமல் குடியிருக்கிறது. மூக்கைத் தொட்ட விரல் தொடையைச் சொறிந்தால் போதும். தேவைப்பட்டால் மருத்துவர் மூக்குக்குள் தடவ முபிரோசின் களிம்பு தருவார், வழக்கமாக ஐந்து நாள். துண்டு, சவரக்கத்தி, உள்ளாடை எல்லாம் அவருக்குத் தனியாக இருக்கட்டும். வீட்டில் வேறு யாருக்காவது கட்டி இருந்தால் அவருக்கும் சேர்த்தே வைத்தியம் பார்க்க வேண்டும்.

நான்கு முறை வந்துவிட்டதால் இந்த வாரமே அவரைக் கூட்டிப்போங்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் தோல் பிரிவு இருக்கிறது. சீழை எடுத்துப் பரிசோதித்தால் எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்பது தெரிந்துவிடும். காய்ச்சல், சுற்றிலும் பரவும் சிவப்பு, பல கட்டிகள் ஒன்றாகச் சேர்ந்து பல கண் வைத்த ராஜபிளவை, மூக்கு அல்லது மேலுதட்டுப் பக்கத்தில் கட்டி, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். முகத்தின் அந்தப் பகுதி ரத்தக்குழாய்களுக்கு மூளைப் பக்கம் தொடர்பு உண்டு. தொடைக் கட்டிக்கு இடுப்புக் கவட்டில் நெறி கட்டுவது சகஜம்தான். பயப்பட வேண்டாம், மருத்துவரிடம் மட்டும் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், வேன் சீட்டில் ஒரு பருத்தித் துண்டை விரித்து, தினமும் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். அதே துண்டால் அவர் முகத்தைத் துடைக்கக் கூடாது. டிரைவர்கள் முக்கால்வாசிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள்.