ஆச்சியின் ஊர் எது? – ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

எங்கள் ஆச்சி 1972-இல் இலங்கை மலையகத்து டிக்கோயா தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர். அகதிகளாக வந்து ஆலங்குளத்தில் தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. தெருவில் இன்றைக்கும் ‘சிலோன்காரி வீடு’தான். வரும்போது ஆச்சிக்குக் கொடுத்த குடும்ப அட்டையில் பூர்வீகம் ‘திருநெல்வேலி ஜில்லா’ என்று மட்டும் இருக்கிறது. எந்த ஊர் என்று கண்டுபிடிக்க வழி உண்டா? டி.என்.ஏ. பரிசோதனை உதவுமா? ஆச்சியிடம் கேட்டால் ‘டிக்கோயா’ என்கிறார். மறுபடி கேட்டால் வாய் திறப்பதில்லை.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

டி.என்.ஏ. ஊர்ப் பெயரைச் சொல்லாது. அந்தக் காசுக்கு ஆச்சிக்கு நல்ல சேலை எடுத்துக் கொடு.

‘அகதிகளாக வந்து’ என்று நீயே எழுதலாமா? தெருக்காரர்கள் தெரியாமல் சொல்கிறார்கள், சரி. உனக்கு என்ன? அகதி என்பது இழிசொல் இல்லை. ஆனால் 1983 கலவரத்துக்குப் பிறகு உயிரைக் காப்பாற்ற ஓடிவந்தவர்கள் நிலை வேறு, உன் ஆச்சி நிலை வேறு. அவர் இந்தியக் குடியுரிமை பெற்று, இந்தியப் பாஸ்போர்ட்டோடு வந்தவர். அந்தக் குடியுரிமைத் தாள் இல்லாததால்தான் மலையகத்தவர் (இங்கிருந்து இலங்கைத் தோட்ட வேலைக்குப் போனவர்களின் வம்சம்) பலர் பிற்பாடு முகாம்களில் மாட்டிக்கொண்டார்கள். அவர்களில் 65 பேரின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட 2019 ஜூன் ஆயிற்று. ஆச்சியிடம் இருப்பது எப்பேர்ப்பட்ட தாள் என்று இப்போதாவது புரிகிறதா? அதை லேமினேட் செய்துவிடாதே. மடிப்பு கிழியும், பின்பக்கக் குறிப்பும் மங்கும். இரண்டு பக்கமும் படமெடுத்து, தாளைத் தனி உறையில் வை.

கொஞ்ச நாளாக என்னை அறுத்துக்கொண்டிருப்பது இன்னொரு சொல். ‘தாயகம் திரும்பியோர்’. சர்க்கார் காகிதத்தில் ஆச்சிக்கு அதுதான் பெயர். யார் திரும்பினார்கள்? அந்தக் கப்பலில் வந்தவர்களில் பெரும்பாலோர் பிறந்ததே மலையகத்து லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில். 1948-இல் இலங்கை ஒரு சட்டம் போட்டு அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30-ஆம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் அவர்களைப் பங்கு போட்டுக்கொள்ளும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். கணக்கில் இருந்தவர்கள் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். 1974-இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று பிரித்தார்கள். களத்தில் பொலியை அளந்து நிலக்காரருக்கு மேல்வாரம், உழுதவருக்குக் குடிவாரம் என்று ஒதுக்குகிற மாதிரி. ஏழு பேர் இங்கே வந்தால் நாலு பேருக்கு அங்கே பிரஜாவுரிமை என்பது விகிதம். அண்ணன் இந்தக் கணக்கில், தங்கை அந்தக் கணக்கில். தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிப்போன ரயிலை மலையகத்தார் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றார்கள். கோச்சி என்றால் அங்கே ரயில். சொந்த ஊருக்குத் திரும்புகிறவர்களை யாராவது ஒப்பாரி வைத்து அனுப்புவார்களா?

ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிந்து, பலர் கையில் வாங்கியது வியாபாரக் கடன் 5,000 ரூபாய். கொழுந்து பறித்த கைக்குத் தராசைக் கொடுத்தார்கள். சரக்கு எங்கே மலிவு என்று தெரியாது, கடன் கேட்பவரிடம் இல்லை என்று சொல்லத் தெரியாது. முதல் கரைந்ததும் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் கூலிவேலைக்கு ஏறினார்கள்.

ஊர் தேடுவதற்கு வருகிறேன். அட்டையில் உள்ள ‘திருநெல்வேலி ஜில்லா’ இன்றைய திருநெல்வேலி மாவட்டம் இல்லை. 1972-இல் தூத்துக்குடியும் தென்காசியும் அதற்குள்தான். தூத்துக்குடி 1986-இல் பிரிந்தது, தென்காசி 2019-இல். முப்பாட்டன் 1910-க்கு முன்பே கடல் தாண்டியிருந்தால் சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூரும் சேரும். அந்த வருஷம் ராமநாதபுரம் ஜில்லா அமையும்வரை அவை நெல்லைச் சீமை. செங்கோட்டைக்காரர் என்றால் கதை தலைகீழ். 1956 வரை அது மலையாளச் சீமையில் இருந்தது, பழைய தாளில் ‘திருவிதாங்கூர்’ என்றே இருக்கலாம். எழுத்தும் காலை வாரும். ஆங்கிலத்தில் எழுதிய குமாஸ்தா ல, ள, ழ எல்லாவற்றையும் ஒரே எழுத்தில் முடித்திருப்பார். கீழப்பாவூரும் மேலப்பாவூரும் வெறும் ‘பாவூர்’ ஆகியிருக்கும்.

தாளைவிடச் சாமி நம்பகமானது. நம் பக்கத்தில் பங்குனி உத்திரத்துக்கு அவரவர் குலசாமியான சாஸ்தா கோயிலுக்குத்தான் போவோம். ஊரை மறந்தவர்கள்கூட சாஸ்தா பெயரை விடுவதில்லை. சாஸ்தாவின் பெயர் மட்டும் போதாது, கூட நிற்கிற சாமிகள் யார் யார் என்று வரிசையாக வேண்டும். சுடலைமாடனும் பேச்சியும் எங்கும் உண்டு. எந்தச் சாஸ்தாவோடு எந்த மாடன், எந்த இசக்கி என்ற சேர்க்கைதான் ஊரைக் காட்டும். தோட்டத்தில் கும்பிட்ட சாமிக்குப் பிடிமண் (பழைய கோயிலிலிருந்து எடுத்துப்போகும் கைப்பிடி மண்) எங்கிருந்து போனது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. சாஸ்தாவே தெரியாவிட்டால் காரையாறு சொரிமுத்தையனாரிடம் போவது வழக்கம், நீயும் போகலாம்.

ஆனால் ஆச்சியிடம் நீ கேட்ட விதம் தப்பு. ‘நம்ம ஊர் எது’ என்றாய், அவர் பதில் சொல்லிவிட்டார். மறுபடி கேட்டாய் என்றால் அந்தப் பதிலை நீ ஏற்கவில்லை என்று அர்த்தம். பிறகு எப்படிப் பேசுவார்? பக்கத்தில் உட்கார்ந்து டிக்கோயாவைக் கேள். எந்த டிவிஷன், லயத்தில் எத்தனையாவது காம்பரா (அறை), அடுத்த வீட்டில் யார் இருந்தார்கள், கோச்சியில் ஏற்றிவிட யார் வந்தார்கள், வராமல் நின்றது யார். அதெல்லாம் சொல்லி முடிக்கட்டும். ஒரு நாளில் முடியாது. அப்புறம், ஆச்சி கல்யாணத்தில் முதல் தேங்காய் எந்தச் சாமிக்கு உடைத்தார்கள் என்று கேள்.