கார்டினர் இரண்டு பக்கமும் பூட்டு

அன்புள்ள அக்கா,

என் மகளுக்கு வயது 16. காசாப் போருக்கு எதிரான ஊர்வலத்துக்கு டவுன்ரவுன் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். விடுவதா மறிப்பதா தெரியவில்லை. 2003 இல் உலகம் முழுக்க அவ்வளவு சனம் இறங்கியும் ஈராக் போர் நடந்தது. 2009 இல் வன்னிப் போரை நிறுத்தச் சொல்லி ரொறன்ரோவில் நாங்களும் நின்றோம். கண்ட பலன் என்ன? ரீவியில் ட்ராஃபிக்கைத் தவிர வேறு கதை இல்லை. கைக்குழந்தையாக இருந்த இவளை ஸ்ட்ரோலரில் வைத்து அன்று கார்டினர் ஹைவேக்குக் கொண்டுபோனதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. அவளிடம் அதைச் சொன்னதே இல்லை. பிள்ளைகளைப் போராட்டங்களுக்கு அனுப்பலாமா?

ஒரு தாய், மார்க்கம்

*

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதம் வந்த கிழமை, வீடு மாறுவதற்காகப் பழைய பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஒன்றுக்குள் 2009 மே மாதத்துப் பேப்பர் வெட்டுகள். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

2003 பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். அந்த பெப்ரவரி 15 இல் மொன்றியலில் உறைகிற குளிருக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நடந்தார்கள். மார்ச் 17 இல் கனடா ஈராக் போருக்குப் போகாது என்று பிரதமர் கிரெத்தியன் பாராளுமன்றத்தில் அறிவித்தார். ஊர்வலத்தால்தான் அது நடந்தது என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் பலனே இல்லை என்று எழுதும்போது நீங்கள் இருக்கிற நாட்டையே மறந்துவிடுகிறீர்கள்.

என்னைப் பிடித்து நிறுத்தியது உங்கள் கடிதத்தில் உள்ள 'வெட்கம்' என்ற சொல். அது உங்களுடைய சொல் இல்லை, பிள்ளை. அதை உங்களுக்குப் பழக்கினார்கள். எப்படி என்று இந்த வெட்டுகளைப் பார்த்தால் தெரிகிறது.

2009 மே 10, ஞாயிற்றுக்கிழமை, அன்னையர் தினம். ஆயிரக்கணக்கான தமிழர்கள் ஸ்பாடைனா ஏற்றத்தால் கார்டினரில் ஏறி இருந்தார்கள். நடுச்சாமம் வரை பாதை திறக்கவில்லை. செய்திகளில் ஒரு பிழை இல்லை. எந்த ஏற்றம், எத்தனை மணி, மாற்றுப் பாதை எது, எல்லாம் சரி. பிறகு தாய்மார் ஸ்ட்ரோலரோடு வந்ததைப் பற்றிய கண்டனம். வன்னி கடைசிப் பந்தியில் வருகிறது. சில செய்திகளில் அதுவும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை முள்ளிவாய்க்காலில் என்ன நடந்தது? அடுத்த நாள் கொழும்பில் ஐ.நா. பேச்சாளர் கோர்டன் வைஸ் அதற்கு 'இரத்தக்குளியல்' என்று பெயர் வைத்தார். அந்த வார இறுதியில் கொல்லப்பட்டவர்களில் நூற்றுக்கும் மேற்பட்ட சிறுவர்கள் இருந்தார்கள் என்றார். நீங்கள் ஸ்ட்ரோலரோடு நின்ற அதே வார இறுதி அது.

இதை நான் எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன், திரும்பவும் சொல்வேன். பேப்பர்காரருக்கு வன்னி வெளிநாட்டுச் செய்தி, பாதை பூட்டியது உள்ளூர்ச் செய்தி. அந்தப் பிரிப்பே பிழை. ஸ்காபரோவில் மாடிவீடு மாடிவீடாக அன்று ஒருவரும் நித்திரை கொள்ளவில்லை. போன் அட்டையைச் சுரண்டிச் சுரண்டி, கிடைக்காத நம்பரையே அடித்துக்கொண்டிருந்தோம். தமிழ் வானொலியில் யாரோ ஊர்ப் பெயர்களை வாசிப்பார், சமையலறையில் கை அப்படியே நிற்கும். எக்ளின்ரனில் இருக்கிற ஒருத்தியின் தாய் மாத்தளனில் செத்தால் அது எக்ளின்ரன் செய்தி. ரொறன்ரோவின் உள்ளூர்ச் செய்தி. நிருபர்கள் ஹைவேக்கு மேலே ஹெலிகொப்டரில் நின்றார்கள். லிப்டில் ஏறி எங்கள் கதவைத் தட்டியிருந்தால் அந்த வருடத்தின் மிகப் பெரிய உள்ளூர்ச் செய்தி கிடைத்திருக்கும்.

லண்டனில் இதைவிடக் கேவலம். பாராளுமன்றச் சதுக்கத்தில் 23 நாள் உண்ணாவிரதம் இருந்த இளைஞர் ஒளித்திருந்து பேர்கர் சாப்பிட்டார் என்று இரண்டு பேப்பர்கள் எழுதின. 2010 இல் அது பொய் என்று ஒப்புக்கொண்டு 77,500 பவுண் நட்டஈடு கொடுத்தன. அவர் வழக்குப் போட்டிருக்காவிட்டால் இன்று அவருக்கும் உங்களைப்போல வெட்கம்தான் மிஞ்சியிருக்கும்.

நான் அன்று கார்டினருக்கு வரவில்லை. நாலு மணியிலிருந்து நடுச்சாமம் மட்டும் ஒரு பக்ரறியில் பொதி கட்டும் வேலை. அங்கே ஆங்கில வானொலி ஓடும். பத்து நிமிடத்துக்கு ஒருதரம் 'கார்டினர் இரண்டு பக்கமும் பூட்டு'. பக்கத்தில் நின்றவளின் புருஷன் காருக்குள் மாட்டுப்பட்டிருந்தான். "உங்களுடைய ஆட்களா?" என்று கேட்டாள். நான் "சொறி" என்றேன். புதுக்குடியிருப்பை விட்டு வெளிக்கிட்ட என் சின்னம்மா உயிரோடு இருக்கிறாரா என்று மூன்று கிழமையாகத் தெரியாது. அதைச் சொல்லாமல், பாதைக்காக மன்னிப்புக் கேட்டேன். சின்னம்மாவை யூலையில் செட்டிகுளம் முகாமில் கண்டுபிடித்தோம். அவருடைய கடைசி மகனை இன்றுவரை இல்லை. அந்த 'சொறி' இன்னும் என் தொண்டையில் நிற்கிறது.

அதனால்தான் உங்களில் கோபம் வருகிறது. ரீவிக்காரன் ட்ராஃபிக்கை மட்டும் சொன்னான் என்று குறைப்படுகிறீர்கள். நீங்கள் 16 வருடமாக உங்கள் பிள்ளைக்கு அதைக்கூடச் சொல்லவில்லையே! அவள் அந்தப் பாதையில் கிடந்தவள். தான் முதல்தரம் ஊர்வலத்துக்குப் போகப்போவதாக நினைத்துக்கொண்டு உங்களோடு சண்டை பிடிக்கிறாள். எவ்வளவு அநியாயம்.

அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். அனுப்புங்கள். ஏலுமென்றால் கூடப் போங்கள். தண்ணீர் கொடுத்துவிடுங்கள், தடித்த சப்பாத்து போடச் சொல்லுங்கள். போகமுதல் அவளை இருத்தி அந்த ஞாயிற்றுக்கிழமையை முழுக்கச் சொல்லுங்கள்.

சொன்ன பிறகு எனக்கும் எழுதுங்கள். அங்கே யார் தண்ணீர் தந்தது, இருட்டினபிறகு குளிர்ந்ததா, பிள்ளைக்கு எங்கே பால் கொடுத்தீர்கள், எழும்பிப் போகச் சொன்னபோது சனம் என்ன கதைத்தது. என் பெட்டியில் பாதை பூட்டினதும் திறந்ததும் நிமிடக் கணக்கில் இருக்கிறது. இவை ஒன்றும் இல்லை.

அன்புடன்,
அக்கா