இரு சமூகப் பிள்ளைகளையும் கலந்து அணி பிரித்து விளையாடவைத்தும் சண்டை ஓயவில்லை என்ற கேள்விக்கு

முதலில் வெற்றி தோல்வியை எடுத்துவிடுங்கள். இரு சமூகப் பிள்ளைகளையும் ஒரே அணியில் கலந்தீர்கள், தோற்றதும் "உங்க ஆளாலதான்" என்று மோதிக்கொண்டார்கள் என்கிறீர்கள். கலப்பது மட்டும் போதாது. ஒரு பக்கத்தாரால் தனியாக முடிக்கவே முடியாத விளையாட்டாக இருக்க வேண்டும்.

1954இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் சமூக உளவியலாளர் முசாஃபர் ஷெரிஃப் ஆய்வுக்காக நடத்திய முகாமில், போட்டி வைத்ததும் இரண்டு சிறுவர் குழுக்களுக்கு இடையே பகை மூண்டது. சேர்ந்து சாப்பிட வைத்தார்கள். சாப்பாட்டை வாரி எறிந்துகொண்டார்கள். அப்புறம் உணவு வாங்கிவர வேண்டிய லாரி கிளம்பாமல் நின்றது. முன்பு எதிரெதிராக இழுத்த அதே கயிற்றை லாரியில் கட்டி, எல்லோரும் ஒரே பக்கமாக இழுத்தார்கள். இப்படிப் பல வேலைகளைச் சேர்ந்து செய்த பிறகுதான் பகை தணிந்தது.

நீங்கள் இதைச் செய்து பாருங்கள்: பெரிய போர்வை ஒன்றின் விளிம்பை, இந்தப் பக்கத்துப் பிள்ளை, அந்தப் பக்கத்துப் பிள்ளை என்று மாற்றி மாற்றி நிற்கவைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். நடுவில் ஒரு பந்து. விழாமல் எத்தனை முறை தூக்கிப் போடுகிறார்கள் என்று எல்லோரும் சேர்ந்தே எண்ணட்டும். இரு பக்கத்தாரின் மொழியும் வேறு என்றால் விதிகளை இரண்டிலும் சொல்லுங்கள். முடிந்து தண்ணீர் குடிக்கப் போகும்போது யார் யார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று கவனியுங்கள். உண்மையான நிலவரம் அங்கேதான் தெரியும்.

ஒன்று மட்டும். அந்த முகாம் சிறுவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிப் பின்னணி. உங்கள் பிள்ளைகள் வீட்டிலிருந்தே பயத்தைச் சுமந்து வருகிறார்கள். நாளாகும். பக்கத்தில் நின்று போர்வையைப் பிடிக்கத் தயங்கும் பிள்ளையைக் கட்டாயப்படுத்தாதீர்கள், எண்ணிக்கை சொல்லும் வேலையைக் கொடுங்கள்.